புத்தகம் ஆங்கிலத்தில், பேச்சு நம் மொழியில்

மும்பையில் தாராவி, சயன் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கத்து நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறார்கள். ஆறாவது படிக்கும் பிள்ளையின் கையில் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று வாசித்துவிடும். கேட்டுக்கொண்டிருக்கிற அப்பாவுக்குப் பெருமை தாங்காது. வாசித்து முடித்த பிறகு, "சரி, இதுல என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது முதல் வரியை இன்னொரு தரம் வாசிக்கும். வாசிக்கத் தெரிகிறது, ஆனால் புரியவில்லை.

வாசிப்பு ஆராய்ச்சியில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986இல் சொன்னது. எழுத்தைப் பார்த்துச் சொல்லாக்கும் திறன் ஒன்று, அந்த மொழியைக் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான். நம் பிள்ளைகளுக்கு முதல் பாதியை ஸ்கூல் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. இரண்டாவது பாதி வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வரவேண்டியது. நம் வீட்டில் ஓடுவது திருநெல்வேலித் தமிழ், தெருவில் ஓடுவது பம்பாய் ஹிந்தி. ஆங்கிலம் காதில் விழுகிற இடமே வகுப்பறை மட்டும்தான்.

மார்க் வருகிறதே, அது எப்படி என்று கேட்கலாம். இந்த வரியைப் பாருங்கள். நானே இட்டுக்கட்டிய வரி, தமிழ் எழுத்தில் தருகிறேன்: "தி டோர்பி பிளிக்ட் எ சாண்டூ நியர் தி கிரம்." எந்த அகராதியிலும் இதற்கு அர்த்தம் கிடைக்காது. இப்போது கேள்வி: "வேர் டிட் தி டோர்பி பிளிக் எ சாண்டூ?" பதில் "நியர் தி கிரம்" என்று உங்களாலேயே எழுதிவிட முடியும். இரண்டு மார்க். கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடி, அதன் பின்னால் வருவதைப் பெயர்த்து எழுதுவது ஒரு தனித்திறமை. நம் பிள்ளைகளில் பலர் அதில் கெட்டிக்காரர்கள். எட்டாவது ஒன்பதாவது வந்து, "ஆசிரியர் ஏன் அப்படி நினைக்கிறார்?" என்று கேட்கும்போதுதான் குட்டு உடையும்.

இந்த இரண்டாவது பாதியைச் சரிசெய்ய உதவும் வழிகளில் ஒன்றுதான் கோட் ஸ்விட்சிங். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் நமக்குப் பழக்கமானதே. ஒரே பேச்சுக்குள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போய்த் திரும்புவது. "டிரெயின்ல பயங்கர பீட், சயன்ல உதர்னே நஹி தியா, குர்லா போய்த் திரும்பி வந்தேன்" என்று மாதுங்கா பக்கத்துத் தமிழர் ஒருவர் சொன்னால் அது கோட் ஸ்விட்சிங். ('பீட்' என்றால் கூட்டம், 'உதர்னே நஹி தியா' என்றால் இறங்க விடவில்லை.) 'டிரெயின்' மட்டும் வந்திருந்தால் அதைக் கடன்சொல் என்போம், அது எப்போதோ தமிழாகிவிட்டது. நடுவில் ஒரு முழுத் துண்டு ஹிந்தியில் வந்து போவதுதான் தாவல்.

இப்படிப் பேசினால் இரண்டு மொழியுமே அரைகுறை என்று நினைப்பவர்கள் உண்டு. ஷானா பாப்லாக் என்ற மொழியியலாளர், நியூயார்க்கில் வாழும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களின் ஸ்பானிஷ்–ஆங்கிலப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1980இல் எழுதினார். வாக்கியத்தின் நடுவிலேயே புகுந்து மாற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர்களே என்று அவர் கண்டார். மாற்றுகிற இடத்தில் இரண்டு மொழியின் இலக்கணமும் பெரும்பாலும் உடையாமலே இருந்தது.

நம் மகாராஷ்டிரத்திலேயே, சாங்லி மாவட்டத்தில் குப்வாட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மராத்தி, கன்னடம், உருது பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசி, மூன்று மொழிகளின் வாக்கிய அமைப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது என்று ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971இல் எழுதினார்கள். இது டியூஷனுக்கு நேரடியாக உதவாது. ஆனாலும் "கலந்து பேசாதே" என்று பிள்ளையை அதட்டுமுன் குப்வாட்டை ஒரு தரம் நினைத்துக்கொள்வது நல்லது.

"வகுப்பில் ஆங்கிலம் மட்டும்" என்ற விதி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1878இல் அமெரிக்காவில் பெர்லிட்ஸ் என்பவர் மொழிப் பள்ளி தொடங்கினார். அந்த முறையில், கற்கும் மொழி தவிர வேறு எதையும் வகுப்பில் பேசக்கூடாது. பல மொழிக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவர்களின் மொழி எதுவும் தெரியாத ஆசிரியரிடம் படிக்கிற இடத்துக்கு அது பொருத்தமான விதி. பிறகு 1961இல் உகாண்டாவின் மகெரேரேயில் நடந்த மாநாட்டுக்குப் பின் இதுவே உலகம் முழுக்க ஆங்கிலம் கற்பிப்பதன் கோட்பாடு போல ஆகிவிட்டது. ராபர்ட் ஃபிலிப்சன் 1992இல் அதை ஒரு மாயை என்று பெயர் சொல்லியே தாக்கினார். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம், வகுப்பில் பல மொழி இருப்பதை வளமாகப் பயன்படுத்தச் சொல்கிறது. வீட்டு மொழி வேறாக இருக்கும் பிள்ளைகளுக்கு இருமொழி முறையைக் கையாளும்படி 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறது. இருந்தும் தாய்மொழி பேசினால் ஃபைன் போடுகிற பள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

சரி, எப்படிச் செய்வது?

என் கணக்கில் இதற்கு ஒரே ஒரு சட்டம் போதும். பக்கத்தில் இருக்கிற வரி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அந்த வரியைப் பற்றிய பேச்சு எந்த மொழியிலும் நடக்கலாம். வரியையே தமிழாக்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளை படித்தது தமிழ், ஆங்கிலம் படிக்கவில்லை. அதனால் எங்கே தாவுகிறோம் என்பதுதான் முக்கியம். முடிச்சு விழுந்த இடத்தில் தாவி, அவிழ்ந்ததும் திரும்பிவிட வேண்டும்.

ஓர் உதாரணப் பத்தியோடு பார்ப்போம். இதுவும் நான் எழுதியதுதான், 52 சொற்கள்:

"மேங்ரோவ்ஸ் குரோ இன் தி மடி வாட்டர் வேர் தி ரிவர் மீட்ஸ் தி சீ. தி ரூட்ஸ் தட் ஸ்டாண்ட் அபவ் தி மட் ஹோல்ட் தி சாயில் டுகெதர் அண்ட் ஸ்லோ டவுன் தி ஃபிளட் வாட்டர். அன்லெஸ் தீஸ் ட்ரீஸ் ஆர் புரொடெக்டட், தி சிட்டி வில் ஃபேஸ் மோர் ஃபிளட்ஸ். யெட் தே ஆர் கட் டவுன் எவ்ரி இயர் டு மேக் ரூம் ஃபார் பில்டிங்ஸ்."

புத்தகத்தைத் திறக்குமுன் கொஞ்சம் பேச்சு. இந்தப் பேச்சு முழுவதுமே தமிழிலோ ஹிந்தியிலோ இருக்கலாம். தாராவி பஸ் டெப்போவுக்கு எதிரே மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறதே, முன்பு குப்பை கொட்டுகிற மைதானமாக இருந்த இடம், அதன் பின்பக்கம் மித்தி ஆற்றங்கரையில் சேற்றில் நிற்கிற மரங்களைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்கலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இப்போது படிக்கிற பிள்ளைகள் அதன் பிறகு பிறந்தவர்கள். ஆனால் அம்மா, பாட்டி எல்லோரிடமும் அந்த நாளின் கதை ஒன்று இருக்கும். முந்தின நாளே "வீட்டுல கேட்டுட்டு வா" என்று அனுப்பிவிட்டால், மறுநாள் பிள்ளை கதையோடு வரும். "நாலா நிரம்பி வீட்டுக்குள்ள பானி வந்துச்சாம், கட்டில் மேல ஏறி உக்காந்திருந்தாங்களாம்." இந்தப் பேச்சின் போதே 'ஃபிளட்', 'மட்', 'ரூட்ஸ்' ஆகிய மூன்று ஆங்கிலச் சொல்லையும் டியூஷன் சொல்லிக்கொடுக்கிற அக்கா இயல்பாக உள்ளே போட்டுவிடலாம். மூன்று போதும். பத்துச் சொல்லைப் பலகையில் எழுதி அர்த்தம் போட ஆரம்பித்தால் அது வேறு பாடமாகிவிடும்.

தமிழில் பேசுவதால் ஆங்கில நேரம் வீணாகிறதே என்ற கவலை வரும். கனடாவின் ஜிம் கமின்ஸ் 1970களின் கடைசியிலிருந்து வற்புறுத்திவந்த கருத்து இங்கே பொருந்தும். ஒரு மொழியின் வழியே மனதில் ஏறிய கருத்து அந்த மொழியோடு கட்டுண்டு கிடப்பதில்லை. ஆற்றுத் தண்ணீர் ஏன் ஊருக்குள் வருகிறது என்று தமிழில் புரிந்துகொண்ட பிள்ளை அதை ஆங்கிலத்தில் மறுபடி புரிந்துகொள்ள வேண்டியதில்லை, அதற்கான ஆங்கிலச் சொல் மட்டும் சேர்ந்தால் போதும்.

இனி முடிச்சுகள். இரண்டாவது வாக்கியத்தைப் பிள்ளை வாசிக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். "தி ரூட்ஸ் தட் ஸ்டாண்ட்... அபவ்... தி மட் ஹோல்ட் தி சாயில்" என்று கடைசித் துண்டை ஒரே மூச்சில் வாசிக்கும். "எது மண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு?" என்று கேட்டால், "மட்" என்று வரும். சேறு மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது! இதைச் சொற்பஞ்சம் என்று சொல்ல முடியாது, மட், ஹோல்ட், சாயில் மூன்றுக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். தமிழில் அடைமொழி எவ்வளவு நீளமானாலும் பெயருக்கு முன்னால் வரும்: சேற்றுக்கு மேலே நிற்கிற வேர். ஆங்கிலத்தில் அந்த வால் பெயருக்குப் பின்னால் தொங்கும். தமிழ்க் காதுக்கு, பெயர் வந்தவுடன் அடுத்து வினையை நோக்கிப் போகும் பழக்கம். நடுவில் நுழைந்த வால் கணக்கைக் குழப்பிவிடுகிறது.

அர்த்தம் சொல்லாமலே இதை அவிழ்க்க ஒரு வழி உண்டு. அக்கா 'தி ரூட்ஸ்' என்று வாசித்து நிறுத்துகிறார். உடனே தமிழில், "எந்த வேருலே?" பிள்ளை புத்தகத்தைப் பார்த்து, "தட் ஸ்டாண்ட் அபவ் தி மட்." "ஆங், அந்த வேரு என்ன செய்யுதாம்?" "ஹோல்ட் தி சாயில் டுகெதர்." முடிந்தது. கேள்வி தமிழ், பதில் புத்தகத்தின் ஆங்கிலம். வாக்கியத்தின் எந்தத் துண்டு எந்த வேலை செய்கிறது என்பதைத் தமிழ்க் கேள்வியே பிரித்துக் காட்டிவிட்டது. அப்புறம் ஒரு தரம், "ஏலே, இப்ப நீ சொல்லு" என்றால், "சேத்துக்கு மேல நிக்குதுல்லா, அந்த வேரு மண்ண விடாம பிடிச்சுக்கிடும்" என்று வரும். அது வந்த பிறகு முழு ஆங்கில வாக்கியத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வாசிப்பை விட்டுவிடக் கூடாது. புரிந்த வாக்கியத்தை வாசிக்கும் குரலே வேறு மாதிரி இருக்கும், மூச்சு விடுகிற இடம் சரியான இடத்துக்கு நகர்ந்திருக்கும்.

மூன்றாவது வாக்கியத்தின் 'அன்லெஸ்' இன்னும் மோசமான முடிச்சு. பிள்ளைகள் இதை 'இஃப்' போல வாசித்துவிடுவார்கள். மரத்தைப் பாதுகாத்தால் வெள்ளம் வரும் என்று பொருள் தலைகீழாகிவிடும். இங்கே நீள விளக்கம் வேண்டாம். டியூஷனில் தினமும் சொல்கிற வாக்கியமே போதும்: "ஹோம்வொர்க் முடிக்கலைன்னா வெளயாட விடமாட்டேன்." அதையே உடனே ஆங்கிலத்தில்: "அன்லெஸ் யூ ஃபினிஷ் யுவர் ஹோம்வொர்க், யூ கான்ட் பிளே." மறுபடி தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, அவர்களையே சொல்ல வைக்கலாம். இந்த 'லைன்னா' காதில் ஏறிய பிறகு புத்தகத்துக்குத் திரும்பினால் வாக்கியம் நேராக நிற்கும்.

நாலாவது வாக்கியத்தில் மூன்று பொறி. 'யெட்' என்றால் பிள்ளைக்குத் தெரிந்தது 'நாட் யெட்'தான், அதனால் 'இன்னும்' என்று எடுத்துக்கொள்ளும். இங்கே அது 'அப்படியிருந்தும்'. அடுத்து 'தே'. யாரை வெட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மரம் என்று சொல்பவர்களும் உண்டு, வெறுமனே முழிப்பவர்களும் உண்டு. "தே-ன்னா இங்க யாரு? விரல வச்சுக் காட்டு" என்றால் மேல் வரியில் போய் 'ட்ரீஸ்' மேல் விரலை வைக்க வேண்டும். இந்த விரல் விளையாட்டு எந்த மொழியும் கேட்பதில்லை, ஆனால் மிகவும் பயன்படும். கடைசியாக 'மேக் ரூம்'. "பில்டிங்ல ரூம் கட்டுறதுக்காக மரத்த வெட்டுறாங்க" என்று சந்தேகமே இல்லாமல் சொல்வார்கள். ஏறக்குறைய சரியாகவே தோன்றுவதால் எந்தத் தேர்விலும் இது மாட்டாது. லோக்கல் டிரெயினில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்து, "தோடா ஜகா தோ" (கொஞ்சம் இடம் கொடு) என்பாரே, அந்த 'ஜகா'தான் இந்த ரூம். ஹிந்தியில் சொன்ன மறுகணமே புரிந்துவிடும்.

மும்பைக்கே உரிய சங்கதியும் இங்கேதான் இருக்கிறது. தாய்மொழி உதவும் என்று எழுதுகிறவர்கள் பொதுவாகப் பிள்ளைக்கு ஒரே ஒரு வலுவான மொழி இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. கோபம், சாப்பாடு, உறவு, சாமி எல்லாம் பிள்ளைக்குத் தமிழில் இருக்கும். கடை, டிரெயின், கிரிக்கெட், சண்டை இவை ஹிந்தியில். மாநிலத்தில் 2020ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயம் என்பதால், சிவாஜி மகாராஜாவின் கோட்டைகள் பற்றி அதற்குத் தெரிந்தது மராத்தியில் இருக்கலாம். ஆகவே எந்த மொழிக்குத் தாவுவது என்பதை அக்கா முன்கூட்டியே முடிவுசெய்யக் கூடாது. அந்தக் கருத்து பிள்ளையிடம் எந்த மொழியில் வாழ்கிறதோ, அந்த மொழிக்குத் தாவ வேண்டும். மேங்ரோவுக்குத் தமிழில் அலையாத்தி என்ற அழகான பெயர் உண்டு. பிச்சாவரம் பக்கம் அது எல்லோருக்கும் தெரியும். தாராவிப் பிள்ளைக்கு அது இன்னொரு தெரியாத சொல், அவ்வளவுதான். புரியாத ஆங்கிலத்துக்குப் புரியாத தமிழைக் கொடுப்பதில் என்ன லாபம்? "காடி பக்கம் சேத்துல நிக்குமே, அந்த மரம்" என்றால் போதும், காடி என்பது கடற்கழிக்கு இங்கே வழங்கும் பெயர். தமிழ்ப் பற்றுள்ளவர்கள் கோபித்துக்கொள்ளலாம். அலையாத்தியை வேறொரு நாள், தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுப்போம்.

எழுத்து இன்னொரு சிக்கல். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. அங்கே படிக்கிறவர்களுக்குத் தமிழ் எழுத்து கைவந்திருக்கும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச்சில் மட்டும்தான். பக்க ஓரத்தில் தமிழில் அர்த்தம் எழுதிக்கொடுத்தால் அதை வாசிக்க அவர்களால் முடியாது. அவர்களாகவே 'இல்லன்னா' என்பதை தேவநாகரியிலோ ஆங்கில எழுத்திலோ எழுதிக்கொள்வார்கள். எழுதட்டும். அந்தக் குறிப்பு அவர்களுக்கானது, யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

படித்து முடித்தபின் செய்ய வேண்டியதுதான் இந்த முறையின் முதுகெலும்பு என்று நான் நினைக்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டு, கதையைத் தன் மொழியில் திருப்பிச் சொல்லச் சொல்வது. வேல்ஸ் நாட்டில் 1990களில் சென் வில்லியம்ஸ் என்பவர் ஆங்கிலத்தில் படித்து வெல்ஷ் மொழியில் எழுதவும் பேசவும் வைக்கிற முறைக்கு ஒரு பெயர் வைத்தார், அதுவே பின்னாளில் டிரான்ஸ்லாங்குவேஜிங் என்று உலகம் சுற்றியது. பெயரை மறந்துவிட்டாலும் பரவாயில்லை, காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் பிள்ளை வரியை எடுத்து அப்படியே ஒப்பித்துவிடலாம். தமிழிலோ ஹிந்தியிலோ சொல்லச் சொன்னால் எடுத்து ஒப்பிக்க அங்கே வரியே இல்லை. புரிந்திருந்தால்தான் சொல்ல முடியும். டோர்பிக்கும் சாண்டூவுக்கும் இங்கே வேலை கிடையாது.

"மரத்த வெட்டுனா நமக்கு என்ன நஷ்டம்?" மாதிரியான யோசிக்க வைக்கும் கேள்வியை முதலில் நம் மொழியில் அலசவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளை தமிழில் ஐந்து வாக்கியம் பேசியிருக்கும், ஆங்கிலத்தில் ஒன்றரை வாக்கியம்தான் வரும். அந்த ஒன்றரையும் பத்தியிலிருந்து பெயர்த்ததாக இல்லாமல் சொந்தமாக இருந்தால் நல்லது. பள்ளித் தேர்வில் ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும், ஆகவே இந்தக் கடைசிப் படியைச் சோம்பலில் தள்ளிவைக்கக் கூடாது.

இந்த முறை கெட்டுப்போகும் வழி ஒன்று இருக்கிறது, அதுதான் எங்கும் பரவலாக நடக்கிறது. அக்கா ஒரு வரி ஆங்கிலத்தில் வாசிப்பார், உடனே தமிழில் அர்த்தம் சொல்வார். அடுத்த வரி, அடுத்த அர்த்தம். பிள்ளைகள் புத்திசாலிகள். ஆங்கில வரி ஓடும்போது ஜன்னலைப் பார்ப்பார்கள், தமிழ் வரும்போது காதைத் தீட்டிக்கொள்வார்கள். எப்படியும் வரப்போகிறது என்று தெரிந்த பின் யார் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவார்கள்? ஆங்கிலம் பின்னணிச் சத்தமாகிவிடும். எனவே அர்த்தத்தை நீங்கள் சொல்வதைவிட, பிள்ளை சொல்ல நீங்கள் கேட்பதே மேல். தாவல் உங்கள் வாயில் நடப்பதைவிட அவர்கள் வாயில் நடக்க வேண்டும். நீங்களே சொல்லித்தான் தீரவேண்டிய சொல் வந்தால், சி.ஜே. டாட்சன் 1960களில் வேல்ஸில் உருவாக்கிய இருமொழி முறையில் உள்ள சின்ன உத்தியைக் கையாளலாம். முதலில் ஆங்கிலச் சொல், அடுத்துத் தாழ்ந்த குரலில் தாய்மொழிப் பொருள், உடனே மறுபடி ஆங்கிலச் சொல். கடைசியில் காதில் தங்குவது ஆங்கிலமாக இருக்கும்.

பாடத்தின் கடினமும் ஒத்துவர வேண்டும். ஹு, நேஷன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் ஏறக்குறைய 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும், அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். கூட ஒருவர் உட்கார்ந்து உதவும்போது இன்னும் நாலைந்து கூடுதலாக இருந்தால் பாதகமில்லை. வரிக்கு மூன்று தெரியாத சொல் வந்தால் எவ்வளவு தாவினாலும் கரை சேராது. அன்றைக்கு அந்தப் பாடத்தை மூடிவைத்துவிட்டு, இரண்டு வகுப்பு கீழே உள்ள புத்தகத்தை எடுப்பதே நல்லது. மாநிலப் பாடநூல் நிறுவனமான பாலபாரதியின் புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் சுலபமாகக் கிடைக்கின்றன.

பள்ளி வகுப்பறையின் நிலைமை டியூஷனிலிருந்து வேறுபட்டது. ஒரே வகுப்பில் தமிழ், மராத்தி, குஜராத்தி, தெலுங்கு, உருது பேசும் பிள்ளைகள் இருப்பார்கள், டீச்சருக்கு அவற்றில் இரண்டுதான் தெரியும். எல்லோருக்கும் பொதுவாக ஹிந்தியில் போய்விடுவதே வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் இரண்டு நிமிடம் ஒரே மொழிக்காரர்களை ஜோடியாகத் திரும்பி உட்காரச் சொல்லி, "இந்தப் பத்தியில் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்" என்றால், ஹிந்தி சரளமாக வராத, ஊரிலிருந்து போன வருஷம்தான் வந்த பிள்ளைக்கும் வாய் திறக்கும். டீச்சருக்கு அந்தத் தமிழ் புரியவேண்டும் என்றில்லை. பேசி முடித்ததும் ஒரு வரி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு நாளைக்கு இப்படி? முடிச்சு குறையக் குறையத் தாவலும் குறைய வேண்டும். போன மாதம் 'அன்லெஸ்'ஸுக்குத் தமிழ் தேவைப்பட்ட பிள்ளையிடம் இந்த மாதமும் அதே தமிழைச் சொல்லக் கூடாது. 'அன்லெஸ்' மேல் விரலை வைத்து ஒரு நிமிடம் பொறுமையாக இருங்கள், அதுவே சொல்லும். தகவல் பாடங்களில் தாவலை வேகமாகக் குறைக்கலாம். கதைகளில் கொஞ்சம் மெதுவாகக் குறைக்கலாம், ஒரு பாத்திரம் ஏன் பொய் சொன்னது என்று பேச நம் மொழி கூடுதலாக வேண்டியிருக்கும்.

ஆங்கிலம் தெரியாத அம்மா அப்பாவுக்கும் இதில் இடமுண்டு. ராத்திரி சாப்பிடும்போது, "இன்னிக்கு இங்கிலீஷ் பாடத்துல என்னலே கதை?" என்று கேட்கலாம். பிள்ளை தமிழிலோ ஹிந்தியிலோ, இரண்டும் கலந்தோ சொல்லட்டும், நடுவில் திருத்த வேண்டாம். கேட்பவருக்கு விளங்காத இடம் வந்தால், "அது ஏன் அப்படி?" என்று கேட்டுவிடுங்கள். பிள்ளை மழுப்பினால், புத்தகத்தில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லி, மறுநாள் டியூஷன் அக்காவிடம் காட்டச் சொல்லுங்கள். அன்றைய வகுப்பை அக்கா அந்த வரியிலிருந்தே தொடங்கலாம்.